முக்கோணப் பொத்தான்

சுத்தியல் தலைக்கு மேலே போய்விட்டது.

"ஹார்ட்முட்! வேண்டாம்டா!"

பட்டறையின் மறுகோடியிலிருந்து ஓடினேன். ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் தகராறு. நான் போய்ச் சேர்வதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. நல்லவேளை, பேட்டரி மேல் படவில்லை. மேஜையின் இரும்பு விளிம்பில் பட்டுத் தெறித்தது. அடுத்ததற்கு ஓங்கினான். மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன்.

"விடு எவால்ட்."

"லித்தியம்டா அது. உடைஞ்சா பத்திக்கும்."

"பத்தட்டும்."

"பட்டறை என்னுது. கொளுத்தணும்னா உன் வீட்டுல வச்சுக் கொளுத்து."

அந்தப் பதிலில் என்ன இருந்ததோ, கை தளர்ந்தது. சுத்தியலைப் பிடுங்கி அலமாரிக்குப் பின்னால் எறிந்தேன். ஹார்ட்முட் ஒரு பழைய டயரின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

மேஜை மேல் அந்தப் பேட்டரி, ஒரு கீறலும் இல்லாமல், கறுப்பாக, செருப்புப் பெட்டி அளவில் இருந்தது. ஐந்து கிலோ எண்ணூறு கிராம். போன நவம்பரில் நான்தான் அதை அவனுக்கு விற்றேன்.

மணி ஒன்பது நாற்பது. பதினோரு மணிக்கு அவன் காரை வாங்க பெல்ஜியத்திலிருந்து ஆள் வருகிறான்.

"ரெண்டு வேலை இருக்கு உனக்கு," என்றான் டயர் மேலிருந்தபடியே. "ஒண்ணு, வண்டிக்கு வேற பேட்டரி. உன்கிட்ட இருக்கிறதுலயே கனமானது எதுவோ அது."

"ரெண்டாவது?"

"இதை டெஸ்ட் பண்ணு. அன்னிக்கு இது செத்துக் கிடந்துச்சா, இல்ல நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? எனக்கு அது தெரிஞ்சாகணும். எழுபது நாளாச்சு நான் தூங்கி."

"டெஸ்ட் பண்ணச் சொல்றவன் எதுக்குடா உடைக்கப் போன?"

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"என்ன சொல்லப் போகுதோன்னு பயம் வந்துருச்சு."

ஹார்ட்முட் எங்கள் ஆடெனா ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். நாற்பது வருடம் வீட்டுக் கூரைகளுக்கு ஸ்லேட் கல் பதித்தவன். போன வருடம்தான் ஓய்வு. வாரம் முழுக்கக் கூரை மேல், சனி ஞாயிறு பந்தயப் பாதையில். அவனும் நானும் ஒரே கிளப். முப்பத்திரண்டு வருட சிநேகிதம். என் பட்டறை ஆணியில் அவனுக்கென்று தனிக் காபிக் கோப்பை தொங்கும். அதில் அவன் பந்தய எண், நாற்பத்து நான்கு.

கார் சிவப்பு. இரண்டு கதவு. இன்ஜின் பின்னால், பேட்டரி முன்னால். அந்தக் காரிலிருந்து எடையைக் குறைப்பதுதான் அவன் வாழ்க்கை. பின்சீட்டைக் கழற்றினான். தரைவிரிப்பைக் கழற்றினான். ரேடியோவைக் கழற்றினான். மனைவி ரோஸ்வித்தாவின் சமையலறைத் தராசைத் தூக்கிவந்து போல்ட் போல்ட்டாக நிறுத்துப் பார்த்தான்.

"மாவு நிறுக்கப் போனா கிரீஸ் நாத்தம்," என்று ரோஸ்வித்தா என்னிடம் வந்து புலம்புவாள். "என்னைக்கோ ஒரு நாள் என் கேக்கைத் தின்னு எவனோ நட்டுல பல்லை உடைச்சுக்கப் போறான்." பழைய இருபத்திரண்டு கிலோ பேட்டரிக்குப் பதில் இந்த லேசானதை அவன் கேட்டபோதும் அவள் பக்கத்தில்தான் நின்றாள். "பதினாறு கிலோ குறையணுமா? உன் தொப்பையைக் கழட்டி கராஜ்ல மாட்டு. தீர்ந்துச்சு வேலை."

ஜனவரியில் ரோஸ்வித்தா போய்விட்டாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து, நாலாவது நாள் காலையில். அந்தக் காரில் பாதி வழி கொண்டுபோய் ஆம்புலன்ஸில் மாற்றிவிடலாம் என்று ஹார்ட்முட் நினைத்ததும், கார் கிளம்பாமல் போனதும் ஊருக்கே தெரியும். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் கராஜுக்குள் என்ன நடந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அடக்கம் முடிந்து கூடிய இழவுக் காபியின்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சோதனைக் கருவியை எடுத்துவந்தேன். "அன்னிக்கு என்ன நடந்துச்சோ எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம."

சொன்னான்.

"காலையில ஆறே கால். குளியலறையில ஏதோ விழுந்த சத்தம். ஓடினேன். வாய் ஒரு பக்கமா இழுத்துருச்சு. வலது கை தொங்கிப் போச்சு. பேச்சு வரல. ஆனா கண்ணு என்னையே பாக்குது. நான் சொல்றதெல்லாம் புரியுது. தலையாட்டுறா."

"ம்."

"போன் பண்ணேன். நம்ம பக்கத்து ஆம்புலன்ஸ் வேற ஒரு விபத்துக்குப் போயிருந்துச்சு. அடுத்தது வர நாப்பது நிமிஷம். பள்ளத்தாக்குல பனிமூட்டம், ஹெலிகாப்டர் ஏறாதுன்னாங்க. எதிர்ல வாங்க, பாதி வழி நான் கொண்டாறேன்னு சொன்னேன். அவளோட குட்டிக் காரை முந்தின நாள்தான் சோதனைக்கு விட்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரங்க வழக்கம்போல குளிருக்கு ஸ்பெயின் தீவுல. இருந்தது இந்த வண்டி ஒண்ணுதான்."

கருவியின் சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டினேன்.

"தூக்கிட்டு வந்து கராஜ் கதவைத் திறக்கப் போறேன். அப்ப எனக்கு என்ன ஞாபகம் வந்துச்சு தெரியுமா? நம்பர் தட்டு! மூணு, பதினொண்ணுன்னு போட்டிருக்கு. மார்ச்சுல இருந்து நவம்பர் வரைக்கும்தான் ரோட்டுல ஏறணும், இது ஜனவரியாச்சேன்னு. பொண்டாட்டியைக் கையில வச்சுக்கிட்டு ஒரு நொடி நின்னேன்டா. என்ன ஜென்மம் நான்?"

"எனக்கும் வந்திருக்கும்."

"அவளுக்குப் பேச்சு இருந்திருந்தா இதை வச்சே பத்து வருஷம் ஓட்டியிருப்பா என்னை."

சிரிக்க வந்தான். முடியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"மைனஸ் பதிமூணு. அந்தப் பந்தயக் குழிச் சீட்டுல அவளை உக்கார வச்சு பெல்ட்டை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். டக். ஒரே சத்தம். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. மறுபடி திருப்பினேன். டக். நீயே சொல்லு எவால்ட், குளிர்ல வண்டி கிளம்பலைன்னா நாம என்ன பண்ணுவோம்?"

பதில் எனக்குத் தெரியும். கறுப்புக் கிளிப்பைக் கையில் எடுத்தேன்.

"லைட்டை அணைப்போம்," என்று அவனே சொன்னான். "ஹீட்டரை அணைப்போம். இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் ஸ்டார்ட்டருக்குன்னு சேர்த்து வைப்போம். லைசென்ஸ் வாங்கின நாள்ல இருந்து இதைத்தானே பண்றோம்? அதையேதான் பண்ணேன். ஹெட்லைட்டை அணைச்சேன். உள்ள எரியுற குட்டி பல்பைக்கூட அணைச்சேன். பேட்டரிக்கு மூச்சு வரட்டும்னு இருட்டுல உக்காந்து நூறு எண்ணினேன். அவ என்னடான்னா…"

"அவ என்ன?"

"நடுவுல அந்த முக்கோணப் பொத்தான் இருக்குல்ல, அபாய விளக்கு? இடது கையை நீட்டி அதை அமுக்கிட்டா. நாலு மூலையும் பளிச்சு பளிச்சுன்னு எரியுது. வேணாம்மா, பேட்டரி போயிரும்னு அணைச்சேன். மறுபடி அமுக்கினா. மறுபடி அணைச்சேன். மூணாவது தடவையும். ஆம்புலன்ஸ்காரனுக்கு அடையாளம் தெரியணும்னு நெனச்சாளோ, இருட்டுக்குப் பயந்தாளோ, பாவம். கடைசியில அந்தக் கையைப் பிடிச்சு என் தொடை மேல வச்சுக்கிட்டேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடல. ஒத்தக் கையாலதான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன்."

என் கையிலிருந்த கறுப்புக் கிளிப் தரையில் விழுந்தது.

"என்னடா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. கையெல்லாம் எண்ணெய்."

குனிந்து எடுத்தேன். எடுக்கத் தேவையானதைவிட அதிக நேரம் குனிந்தே இருந்தேன். நிமிரும்போது அவன் என் முகத்தைப் பார்க்கக் கூடாது.

கிளிப்பை மாட்டிப் பொத்தானைத் தட்டினேன். கருவி முனகியது. பதினைந்து விநாடி. பிறகு தன் வாயிலிருந்து ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது. பதிமூன்று புள்ளி இரண்டு வோல்ட். நிலை: நலம். நான்கு செல்களும் நலம். ஜனவரியில் அந்த வாரமே அவன் கழற்றி வைத்துவிட்டிருந்ததால் சார்ஜ்கூடக் குறையவில்லை.

சீட்டைக் கிழித்து மடித்து மேல்சட்டைப் பைக்குள் போட்டேன்.

"என்ன சொல்லுது?"

"ஒரு டெஸ்ட்டை வச்சுச் சொல்ல முடியாது. இன்னொண்ணு பண்ணணும். அது ஒரு மணி நேரம் பிடிக்கும்," என்றேன். அப்படி இன்னொன்று கிடையவே கிடையாது. "மொதல்ல பேட்டரியைப் பாரு. ஆள் வந்துருவான்."

மூன்றை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தேன். வழக்கமாக இந்த இடத்தில் என் வாய் ஓயாது. அளவு பொருந்துகிறதா, முனைகள் எந்தப் பக்கம், குளிரில் எத்தனை ஆம்பியர் தள்ளும், கனம் எவ்வளவு என்று அரை மணி நேரம் பேசுவேன். அன்றைக்கு நான்கு வார்த்தையில் முடித்தேன்.

முதலாவது சாதாரண ஈய பேட்டரி. பத்தொன்பது கிலோ. உள்ளே திரவ அமிலம். "இது ஆகாது. வளைவுக்கு வளைவு அமிலம் குலுங்கும், ஆவி வேற கிளம்பும்."

இரண்டாவது ஏஜிஎம். அதுவும் ஈயம்தான், ஆனால் அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பஞ்சில் ஊற வைத்திருக்கும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. இருபத்திரண்டு கிலோ. வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்தது இந்த வகைதான்.

மூன்றாவது புது லித்தியம். பழையதன் இரட்டைப் பிறவி.

ஹார்ட்முட் மூன்றாவதைப் பார்க்கவே இல்லை. இரண்டாவதைத் தூக்கினான். இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"இருபத்திரண்டு," என்றான். "இதைக் கழட்டின அன்னிக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நானூறு கிராம் போல்ட்டுல குறைக்க ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரே நாள்ல பதினாறு கிலோ! வீட்டுக்குப் போய் அவளைத் தூக்கிச் சுத்தினேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

"கீழ வை. மறுபடி பிடிச்சுக்கப் போகுது."

வைக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றான்.

"இதை எடுக்காம இருந்திருந்தா அன்னிக்கு வண்டி கிளம்பியிருக்குமா?"

வாசலில் ஹாரன் அடித்தது. வாழ்நாளில் எந்த ஹாரனுக்கும் நான் அவ்வளவு நன்றி சொன்னதில்லை.

வந்தவன் பெயர் தீபோ. பெல்ஜியத்தில் லியேஜ் ஊர்க்காரன். முப்பது வயதிருக்கும். தலையில் குல்லாய், பின்னால் காரை ஏற்றிப்போக ட்ரெய்லர். காரை மூன்று முறை சுற்றிவந்தான், குனிந்து அடிவயிற்றைப் பார்த்தான், உள்ளே தலையை நீட்டி ஒன்றுமில்லாத தரையைப் பார்த்து விசிலடித்தான்.

"அருமை மாஸ்டர், அருமை! எல்லாத்தையும் உரிச்சு வச்சிருக்காரே!" பிறகு மேஜைக்கு வந்தான். "இது என்ன, ஏஜிஎம்மா? விளம்பரத்துல லித்தியம்னு இருந்துச்சே."

"அது இல்ல," என்றான் ஹார்ட்முட்.

"அதோ புதுசு இருக்கே. அதையே மாட்டுங்க. வித்தியாசத்தை நான் குடுத்துடறேன்."

"என் வண்டியில அது ஏறாது."

"பத்து நிமிஷத்துல இது என் வண்டி ஐயா!" தீபோ சிரித்தான். நல்ல சிரிப்பு. அவனுக்கு என்ன தெரியும்? "இவ்வளவு பாடுபட்டு எடையைக் குறைச்சுட்டு, கடைசியில மூக்குல ஒரு பாறாங்கல்லைக் கட்டுவாங்களா? எங்க அண்ணன் கார்ல இதே லித்தியம்தான். குளிர்ல மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும். அதுக்கும் அவன் ஒரு வித்தை வச்சிருக்கான். ரெண்டு தடவை டக் டக்குன்னா, உடனே போய்—"

என் கை தானாகப் போய் கம்ப்ரஸர் சுவிட்சைத் தட்டியது.

முப்பது வருடப் பழைய கம்ப்ரஸர். பட்டறையே அதிர்ந்தது. தீபோவின் வாய் அசைந்துகொண்டேயிருந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஹார்ட்முட் கையைக் காதருகே வைத்து 'என்ன?' என்றான்.

"டயர்ல காத்து கம்மி!" என்று கத்தினேன். "தம்பி, வெளியில வாங்க, எந்த டயர்னு காட்டறேன்!"

தோளைப் பிடித்து ஏறக்குறைய இழுத்துக்கொண்டு போனேன். ட்ரெய்லருக்கு மறுபக்கம், கம்ப்ரஸர் சத்தம் சற்று அடங்கிக் கேட்கிற இடத்தில் நிறுத்தினேன்.

"உங்க அண்ணன் வித்தை எனக்குத் தெரியும்," என்றேன். "அதை அவர் காதுல போடாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"ஏன் மாஸ்டர்?"

"ஜனவரியில அவர் சம்சாரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக இந்த வண்டியைத்தான் எடுத்தார். கிளம்பல. அவருக்கு அந்த வித்தை தெரியாது."

தீபோ பட்டறைக்குள் பார்த்தான். ஹார்ட்முட் இன்னும் இருபத்திரண்டு கிலோவை வயிற்றோடு அணைத்தபடி நின்றிருந்தான். தீபோ குல்லாயைக் கழற்றினான்.

"கனமானதையே மாட்டுங்க," என்றான்.

"லேசானதை உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கறேன். காசு வேண்டாம்."

"எனக்கு வேண்டாம் மாஸ்டர்."

அந்த வித்தையை உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. லித்தியம், ஈயத்துக்கு நேர் எதிர். குளிரில் ஈய பேட்டரிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். லித்தியத்துக்கு வேலை கொடுக்க வேண்டும். உள்ளே விறைத்துப்போய் இருக்கும். எதையாவது எரியவிட்டால் போதும். ஹெட்லைட், அபாய விளக்கு, எதுவானாலும் சரி. ஐந்தாறு நிமிடம் எரிந்தால் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு விழித்துவிடும். அப்புறம் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

மைனஸ் பதிமூன்றிலும் கிளம்பும்.

ஹார்ட்முட் அணைத்துவிட்டு நூறு எண்ணினான்.

அதை நான் அவனிடம் சொன்னதே இல்லை. விற்றவன் நான். சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஏன் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன். அது அவ்வளவு லேசில் வாயில் வரும் விஷயமில்லை.

ஏஜிஎம்மை நாங்கள் இருவரும் சேர்ந்து இறக்கினோம். அவன் பிடித்துக்கொண்டான், நான் பட்டையை முடுக்கினேன். முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. தீபோ உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினான்.

முதல் திருப்பிலேயே உறுமியது. டக் இல்லை, தயக்கம் இல்லை. ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. நன்றாக உறங்கி எழுந்த மிருகம் மாதிரி.

ஹார்ட்முட் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். கூரை மேல் நாற்பது வருடம் கல் சுமந்த தோள்கள். அவை குலுங்குவதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளை அடக்கம் செய்த அன்றுகூடக் குலுங்கவில்லை.

காகிதங்களில் கையெழுத்து ஆனது. கார் ட்ரெய்லரில் ஏறியது. தீபோ இருவருக்கும் கைகொடுத்தான். ஹார்ட்முட்டின் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தான். போய்விட்டான்.

கம்ப்ரஸர் தானாக நின்றது. பட்டறையில் அவனும் நானும் அந்தக் கறுப்புப் பெட்டியும்.

"ஒரு மணி நேரம் ஆயிருச்சு," என்றான் ஹார்ட்முட். "சொல்லு."

மேல்சட்டைப் பையில் அந்தச் சீட்டு நெஞ்சைச் சுட்டது.

இரண்டு வழிதான். உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு இரவும் அந்தக் கராஜுக்குள் போய் உட்காருவான். ஒவ்வொரு இரவும் ரோஸ்வித்தா கையை நீட்டுவாள். ஒவ்வொரு இரவும் இவன் அணைப்பான். மூன்று தடவை.

"செத்துக் கிடந்துச்சு," என்றேன்.

"என்னது?"

"ஒரு செல் போயிருந்துச்சு. குளிர்ல சுத்தமா படுத்திருக்கும். கடவுளே வந்து சாவியைத் திருப்பியிருந்தாலும் கிளம்பியிருக்காது."

அவன் ஓர் அடி கிட்டே வந்தான்.

"அப்ப நான் லைட்டை அணைச்சது?"

"போட்டிருந்தாலும் ஒண்ணுதான், அணைச்சிருந்தாலும் ஒண்ணுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உன் மேல தப்பே இல்லடா."

"சீட்டைக் காட்டு."

"காகிதம் தீர்ந்து போச்சு. திரையில பாத்தேன்."

என்னைப் பார்த்தான். நான் பேட்டரியைப் பார்த்தேன்.

"எப்ப போச்சு அந்த செல்? நான் கெடுத்தேனா?"

அந்தக் கேள்வியை எதிர்பார்க்காதவன் மாதிரி தலையைச் சொறிந்தேன். உண்மையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தபோதே அதற்குப் பதிலைத் தயார் செய்துவிட்டேன்.

"இல்ல. வரும்போதே கோளாறு. நான் விக்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கணும்."

"நீ டெஸ்ட் பண்ணாமலா மாட்டின?"

"பண்ணல."

"ஏன்?"

"அன்னிக்கு அவசரம்."

"அவசரம்," என்றான்.

கத்துவான் என்று நினைத்தேன். அடிப்பான் என்றுகூட நினைத்தேன். சுத்தியலை எங்கே எறிந்தேன் என்று ஒரு கணம் யோசித்தேன். அவன் மேஜை ஓரத்துக்குப் போனான். நாற்பத்து நான்கு எண் போட்ட கோப்பையை எடுத்தான். அதில் காலையில் நான் ஊற்றிக் கொடுத்த காபி அடியில் கொஞ்சம் காய்ந்திருந்தது. குழாயடியில் கழுவினான். தன் கைக்குட்டையால் துடைத்தான். கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"முப்பத்திரண்டு வருஷம், எவால்ட்," என்றான் கதவருகில். "ஒரு டெஸ்ட். பதினைஞ்சு செகண்டு."

"ஆமா."

"இனிமே என்னைப் பாத்தா அந்தப் பக்கம் போயிரு."

போனான். சாலை அங்கிருந்து மேடு. கடைசித் திருப்பம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நடை வேகமாக இருந்தது. முதுகு நேராக இருந்தது. எழுபது நாளாக வளைந்து கிடந்த முதுகு. கோபத்துக்கு அந்தச் சக்தி உண்டு. அன்றிரவு தூங்குவான்.

உள்ளே வந்து அந்த மேஜையில் உட்கார்ந்தேன்; இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

நவம்பர் கடைசி சனிக்கிழமை. புது பேட்டரியை மாட்டி முடித்திருந்தேன். ஹார்ட்முட் கிளப்பின் வருடாந்திரக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால் காரை எடுத்துப்போக ரோஸ்வித்தா வந்தாள். இரவெல்லாம் முற்றத்தில் நின்ற கார், மைனஸ் ஏழு. குழிச் சீட்டில் திணறி இறங்கி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

டக்.

"ஆறு கிலோ சாமான்! மாட்டின மறுநாளே மண்டையைப் போட்டுருச்சா?" என்றாள்.

பக்கத்துச் சீட்டில் நான் உட்கார்ந்தேன். "அந்த முக்கோணப் பொத்தானை அமுக்கு. இப்ப பேசாம உக்காரு." நான்கு மூலையும் எரிந்து எரிந்து அணைந்தன. அவள் பையிலிருந்த திராட்சை ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தாள். தின்று முடித்தோம். "இப்ப திருப்பு." உறுமியது. குழந்தை மாதிரி கைதட்டினாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஹார்ட்முட்கிட்ட மறக்காம சொல்லிரு."

"எதுக்குச் சொல்லணும்?" கண்ணில் கண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "என்னைக்காவது குளிர்ல இது நிக்கட்டும். ஊருக்கெல்லாம் கார் பாடம் நடத்தறவன், எல்லா லைட்டையும் அணைச்சுட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருப்பான். நான் போய்ப் பக்கத்துல உக்காந்து, ஒரு வார்த்தை பேசாம, இந்தப் பொத்தானை அமுக்குவேன். அப்ப அவன் மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு! நீ முந்திக்கிட்டுச் சொல்லிக் கெடுத்துராத எவால்ட். சத்தியம் பண்ணு."

அவள் நீட்டிய கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.